பெர்மிட் எழுதுவதற்கு முன்: கன்டெய்னர் யார்டில் ஏ.சி.எல். போட்ட அனுபவம்

மாதவரத்திலிருந்து மணலிப் பக்கம் போனால் திரும்பிய இடமெல்லாம் கன்டெய்னர்தான். சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலும் இறங்கும் பெட்டிகள் சுங்கச் சோதனைக்காக இங்குள்ள சரக்கு நிலையங்களுக்கு வந்து சேருகின்றன. சி.எஃப்.எஸ். என்று சொன்னால் இந்தப் பக்கத்து ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். அப்படி ஒரு சி.எஃப்.எஸ்.ஸின் நெட்வொர்க் என் பராமரிப்பில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் ஆக்சஸ் லிஸ்ட் (சுருக்கமாக ஏ.சி.எல்.) எழுதி, எந்தக் கணினி எதனோடு பேசலாம் என்று வரையறுத்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதே வேலையைச் செய்யப்போகும் யாருக்காவது உதவினால் சரி.

அமைப்பு சிக்கலானதல்ல. சர்வர் அறையில் ஒரு லேயர் 3 ஸ்விட்ச், அதாவது ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழி காட்டவும் தெரிந்த ஸ்விட்ச். அங்கிருந்து யார்டு முழுக்க ஃபைபர் ஓடுகிறது. ஒவ்வொரு முனையிலும் இரும்புப் பெட்டிக்குள் ஒரு சிறிய ஸ்விட்ச். கடற்காற்றின் உப்பும் லாரிப் புழுதியும் சேர்ந்து அந்தப் பெட்டிகளின் பூட்டைத் திறக்கவிடாமல் செய்துவிடும். தேங்காய் எண்ணெய் இல்லாமல் நான் யார்டுக்குள் போவதில்லை. சர்வர், அலுவலகம், எடை மேடை, கேமரா, கிளியரிங் ஏஜென்டுகள் உட்காரும் கூடம் என்று ஐந்து விலான்கள், அதாவது ஒரே கம்பிகளில் தனித்தனியாகப் பிரித்த ஐந்து நெட்வொர்க்குகள். முகவரிகளும் ஒழுங்காகவே இருந்தன: சர்வருக்கு 10.20.10.0, அலுவலகத்துக்கு 10.20.20.0, எடை மேடைக்கு 30, கேமராவுக்கு 40, ஏஜென்ட் கூடத்துக்கு 50.

விலான் பிரித்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். லேயர் 2, அதாவது ஒரே நெட்வொர்க்குக்குள் நடக்கும் பேச்சு அளவில், அது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு விலானுக்கும் லேயர் 3 ஸ்விட்சில் ஒரு இன்டர்ஃபேஸ் (வாசல்) வைத்து, விலான்களுக்கிடையே வழி காட்டும் ரூட்டிங்கையும் இயக்கிய அடுத்த நொடியே எல்லா விலானும் எல்லா விலானோடும் தாராளமாகப் பேசத் தொடங்கிவிடும். ஸ்விட்சுக்கு அதுதானே வேலை! இந்த யார்டிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு கப்பல் நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது நீளமான கேள்வித்தாள் ஒன்றை அனுப்பியது. வெளியாட்கள் இணையும் கணினியிலிருந்து எடைப் பதிவுக் கணினியைத் தொட முடியுமா என்பது அதில் ஒரு கேள்வி. மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ஏஜென்ட் கூடத்தில் ஒரு லேப்டாப்பைச் செருகி, எடை மேடைக் கணினியின் பகிர்வுக் கோப்புறையை அவர் கண்ணெதிரிலேயே திறந்து காட்டினேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அவர் பழைய ஆள். 2017 ஜூன் மாதம் நாட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கிப் போட்டபோது, மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் முனையமும் ஸ்தம்பித்தது அவருக்கு நினைவிருந்தது. ஒரு கணினியில் நுழைந்தால் கோப்புப் பகிர்வுக்கான 445 என்ற போர்ட் (கணினியின் எண்ணிட்ட கதவு) வழியாகப் பக்கத்துக் கணினிகளுக்குத் தாவுவது அதன் வழிகளில் ஒன்று. அதற்கு முந்தைய மாதம் வந்த வானாக்ரை என்ற தீநிரலும் அதே கதவைத்தான் தட்டியது. எங்கள் யார்டில் அந்த 445 ஐந்து விலானுக்கும் பொதுவாகத் திறந்து கிடந்தது.

சரி, ஏ.சி.எல். போட்டுவிடலாம் என்று முடிவானதும் எல்லோரும் எதிர்பார்ப்பது கட்டளைகளை. கட்டளைகளை எந்தக் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது. இந்த வேலையில் பெரும்பங்கு நேரம் அதைத் தெரிந்துகொள்வதில்தான் போனது, போகத்தான் வேண்டும்.

முதலில் கேட்டுப் பார்த்தேன். அலுவலகத்தில் கேட்டால் "எல்லாம் சர்வரோடுதான் பேசும் சார்" என்பார்கள். அந்தப் பதிலை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. ஸ்விட்சில் மிரர் போர்ட் (போக்குவரத்தின் நகலைத் தரும் துளை) அமைத்து, எடை மேடை விலானின் போக்குவரத்தை ஒரு லேப்டாப்புக்குத் திருப்பி வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பதிவு செய்தேன். எடைக் கணினி சர்வரின் 445-க்குப் போகிறது, பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸின் 53-க்குப் போகிறது, மேடைக்கு அடியிலுள்ள எடை உணரியின் சீரியல் கம்பியை ஈதர்நெட்டாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றோடு பேசுகிறது. நேரம் பார்க்க 123. அவ்வளவுதான் என்று தோன்றியது.

ஆனாலும் எடை மேடை அறையில் போய் உட்கார்ந்தேன். இருவர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டிய அறை அது. ஜன்னலுக்கு வெளியே டிரெய்லர் ஏறி நிற்கிறது. சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கின்றன. எடை பார்க்கும் அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எண் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு பட்டனை அழுத்துகிறார். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கத்திக்கொண்டே மூன்று தாள்களை ஒன்றாக அடிக்கிறது. ஓட்டுநர் கை நீட்டுகிறார். அடுத்த வண்டி. இடையில் கிடைத்த நேரத்தில், இந்தக் கணினியை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டேன்.

"இப்போது பார்த்தால் என்ன தெரியும் தம்பி? மாதக் கடைசியில் வந்து பாருங்கள். மேலே கணக்குப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு இதிலிருந்து நேராக எடுப்பார்கள். அன்றைக்கு இந்த மெஷின் ஆமை மாதிரி நகரும்."

மாதக் கடைசியில் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அலுவலக விலானிலிருந்து ஒரு கணினி எடைக் கணினியின் 1433-க்கு நேரடியாக இணைகிறது. எடைக் கணினியில் ஒரு சிறிய எஸ்.கியூ.எல். சர்வர் தரவுத்தளம் ஓடுகிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. பில் போடும் மென்பொருளைச் செய்தவர் சர்வரில் இருக்கும் நகலை நம்பாமல் மூலத்திலிருந்தே எடுக்கும்படி எழுதியிருக்கிறார். அது தெரியாமல் பட்டியல் எழுதியிருந்தால் மூன்று வாரம் எல்லாம் நன்றாக ஓடி, பில் போடும் நாளன்று எல்லாம் நின்றிருக்கும். அதனால் நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: கவனிக்கும் காலத்துக்குள் ஒரு மாத முடிவும், ஒரு ஞாயிறு இரவும் வர வேண்டும். ஞாயிறு இரவில்தான் பேக்கப் ஓடும்.

சேகரித்ததையெல்லாம் நோட்டில் நான்கு பத்திகளாக எழுதினேன்: யார், யாரிடம், எந்தப் போர்ட், யார் சொன்னது. நான்காவது பத்தியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து "இந்த வரி எதற்கு?" என்று கேள்வி வரும்போது பதில் சொல்லப்போவது அந்தப் பத்திதான். பிறகு அதையே ஏ.சி.எல்.லில் ரிமார்க் (குறிப்பு) வரிகளாகவும் ஏற்றிவிட்டேன்.

இனி எழுதும் முறைக்கு வருகிறேன். ஏ.சி.எல்.லை ஸ்விட்ச் மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் வந்த பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) அது இல்லாத மாதிரிதான். எந்த வரியும் பொருந்தாவிட்டால், சிஸ்கோ வகை ஸ்விட்சுகளில், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு டினை (தடை) காத்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள யார்டு வாசலிலேயே பாடம் இருக்கிறது. காவலர் கையில் உள்ள தாளில் வண்டி எண்ணை மேலிருந்து தேடுவார். கண்டதும் தடுப்புக் கட்டை உயரும். தாளில் இல்லாத வண்டிக்கு அவர் காரணம் சொல்வதில்லை, திரும்பிப் போகச் சொல்வார்.

ஏஜென்ட் கூடத்தின் பட்டியல்தான் இதற்கு நல்ல உதாரணம். அங்கே உட்காருபவர்களுக்கு இணையம் வேண்டும், சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஆவணம் ஏற்றாமல் அவர்கள் பிழைப்பு ஓடாது. யார்டின் சொந்த வலைப்பக்கம் வேண்டும். ஒரு பொது பிரின்டர் வேண்டும். வேறெதுவும் வேண்டாம். ஆகவே வரிசை இப்படி அமைந்தது. முதலில் கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. பிறகு டி.என்.எஸ். சர்வருக்கு 53, யு.டி.பி., டி.சி.பி. என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும், பதில் பெரிதானால் டி.என்.எஸ். டி.சி.பி.க்கு மாறிவிடும். பிறகு வலைப்பக்கச் சர்வருக்கு 443, பிரின்டருக்கு 9100. பிறகு தங்கள் விலானின் வெளிவாசலான கேட்வே 10.20.50.1-க்கு பிங், அதாவது உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. அதன் கீழே "டினை ஐ.பி. எனி 10.0.0.0 0.255.255.255". அதே போல 172.16.0.0 0.15.255.255, 192.168.0.0 0.0.255.255. இந்த மூன்றும் உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கிய முகவரி வரம்புகள். எல்லாவற்றுக்கும் கீழே, மற்றதற்கெல்லாம் அனுமதி என்று, "பெர்மிட் ஐ.பி. எனி எனி". கடைசி வரியை ஒரே ஒரு இடம் மேலே ஏற்றினாலும் போதும், அதற்குக் கீழே போன தடை வெறும் அலங்காரம்.

கேட்வேக்கு பிங்கை அனுமதித்தது எதற்கென்றால், கணினி பழுது பார்க்க வருபவர் எவரும் முதலில் கேட்வேயைத்தான் பிங் செய்வார். பதில் வராவிட்டால் "ஸ்விட்ச் போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதிவிட்டு என்னைக் கூப்பிடுவார். ஒரு வரி எழுதிவைத்தால் அந்தத் தொலைபேசி அழைப்புகள் மிச்சம். பிங் பயணிக்கும் ஐ.சி.எம்.பி. நெறியை மொத்தமாக வெட்டும் பழக்கமும் நல்லதல்ல; பாக்கெட் பெரிதாக இருக்கிறது, உடைத்து அனுப்பு என்று சொல்லும் செய்தியும் அதில்தான் வருகிறது. அதை அடைத்தால் சில வலைத்தளங்கள் பாதி திறந்து அப்படியே நின்றுவிடும், காரணமும் பிடிபடாது.

மேலே முகவரிகளுக்குப் பின்னால் வந்த 0.255.255.255 போன்றது வைல்டுகார்டு மாஸ்க்; முகவரியின் எந்தப் பகுதி பொருந்த வேண்டும் என்று சொல்வது. புதிதாக வருபவர்களை அது படுத்தும். சப்நெட் மாஸ்க்கின் ஒவ்வொரு எண்ணையும் 255-லிருந்து கழித்தால் கிடைப்பது அது. 255.255.255.0 என்பது 0.0.0.255 ஆகும்; 255.255.255.192 என்பது 0.0.0.63. இரும எண்ணாக எழுதிப் பார்த்தால், சுழியம் வந்த பிட்டில் முகவரி அப்படியே பொருந்த வேண்டும், ஒன்று வந்த பிட்டில் எதுவானாலும் சரி. பழக்க தோஷத்தில் யாராவது 10.20.30.0 255.255.255.0 என்று எழுதிவிட்டால் சிஸ்கோ ஸ்விட்ச் குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதன் பொருள், முதல் மூன்று எண்கள் என்னவாக இருந்தாலும் சரி, கடைசி எண் சுழியமாக இருக்க வேண்டும் என்பது. அப்படி ஒரு கணினி யார்டில் எங்கும் இல்லை. வரி இருக்கும், வேலை செய்யாது. எழுதியதும் ஒருமுறை காட்டச் சொல்லிப் பார்த்தால் முகவரி 0.0.0.0 என்று மாறியிருப்பது தெரியும், அதுதான் அடையாளம்.

திசைக்கு வருவோம். இதில் அனுபவசாலிகளும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். விலான் இன்டர்ஃபேஸில் ஏ.சி.எல்.லை இன் என்று பூட்டலாம், அவுட் என்று பூட்டலாம். எடை மேடை விலானுக்குள் வருவதைத் தடுக்க வேண்டும், ஆகவே இன் என்று நினைக்கத் தோன்றும். ஸ்விட்சின் கண்ணோட்டம் நேர்மாறு. எடைக் கணினியிலிருந்து கிளம்பி ஸ்விட்சுக்குள் நுழைவது இன். ஸ்விட்சிலிருந்து எடைக் கணினியை நோக்கிப் போவது அவுட். எனவே எடை மேடை விலானின் "இன்" பட்டியலில் மூல முகவரியாக 10.20.30.0 வரம்பு மட்டுமே வர முடியும் (முகவரி இன்னும் பெறாத கணினியின் 0.0.0.0 தவிர). வேறு விலானின் முகவரியை மூலமாகப் போட்டு அங்கே ஒரு வரி இருந்தால் அது ஒருநாளும் பொருந்தாது. பிறர் எழுதிய பட்டியலைச் சரிபார்க்க நேரும்போது நான் முதலில் தேடுவது இப்படிப்பட்ட செத்த வரிகளைத்தான், நிறையவே கிடைக்கும்.

நான் பெரும்பாலும் இன் திசையிலேயே வைத்தேன். ஒவ்வொரு விலானும் எங்கெல்லாம் போகலாம் என்று கிளம்பும் இடத்திலேயே சொல்லிவிட்டால் படிக்கவும் எளிது, வீணான பாக்கெட்டும் உள்ளே சுற்றுவதில்லை. மூலமும் போய்ச் சேரும் இடமும் போர்ட்டும் பார்க்கும் எக்ஸ்டெண்டட் வகைக்குத்தான் இது பொருந்தும். மூலத்தை மட்டும் பார்க்கும் ஸ்டாண்டர்ட் வகையை இப்படித் தொடக்கத்திலேயே வைத்தால் அந்தக் கணினியின் எல்லாப் போக்கையும் வெட்டிவிடும். அதைச் சேருமிடத்துக்கு அருகில்தான் வைக்க வேண்டும்.

இங்கே இன்னொரு சங்கடம் தலைகாட்டும். ஸ்விட்சின் ஏ.சி.எல்.லுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஃபயர்வால் என்றால், உள்ளிருந்து போன கேள்விக்கு வரும் பதிலை அதுவே அடையாளம் கண்டு விட்டுவிடும். ஸ்விட்சுக்கு ஒவ்வொரு பாக்கெட்டும் புதிது. வருகைப் பதிவுக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர்தான் கருவியின் 4370-க்குப் போய்ப் பதிவுகளைக் கேட்கிறது. கருவி இருப்பது அலுவலக விலானில். அலுவலக விலானின் இன் பட்டியலில் கருவியின் பதிலுக்கு வழி வேண்டும். அந்தப் பதிலில் 4370 என்பது மூலப் போர்ட். சேருமிடப் போர்ட் ஏதோ ஒரு பெரிய எண். ஆகவே "ஈக்வல் 4370" என்பது மூல முகவரியை ஒட்டி வர வேண்டும், வரியின் கடைசியில் அல்ல. மாதக் கடைசியின் 1433-க்கும் இதே கதைதான்: அலுவலகப் பட்டியலில் அது சேருமிடப் போர்ட், எடை மேடைப் பட்டியலில் அது மூலப் போர்ட். டி.சி.பி.யாக இருந்தால் "எஸ்டாப்ளிஷ்டு" என்ற சொல்லையும் பயன்படுத்தலாம், ஏ.சி.கே. அல்லது ஆர்.எஸ்.டி. கொடி (பாக்கெட்டின் தலைப்பிலுள்ள குறி) உள்ள பாக்கெட்டுகளை அது விடும். ஆனால் அது கொடியை மட்டும்தான் பார்க்கிறது, உண்மையிலேயே ஒரு இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. யு.டி.பி.க்கு அதுவும் இல்லை.

கேமராக்களில் நான் நுணுக்கம் பார்க்கவில்லை. வீடியோவுக்கு 554 என்று எல்லோரும் சொல்வார்கள். பேச்சு அதில் தொடங்கினாலும் படம் வேறு யு.டி.பி. போர்ட்டுகளில் ஓடுவது உண்டு. போர்ட் போர்ட்டாக எழுதி மாய்வதைவிட, கேமரா விலானிலிருந்து பதிவுக் கருவிக்கு எல்லாமும் சரி, நேரச் சர்வருக்கு 123 சரி, மற்றதெல்லாம் தடை என்று முடித்துவிட்டேன். கேமரா இணையத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. 123-ஐ மறந்தால் உடனே ஒன்றும் நடக்காது. கேமராவின் கடிகாரம் மெல்ல நழுவும். பெட்டியில் ஓட்டை விழுந்தது யார்டுக்குள் வருவதற்கு முன்பா பின்பா என்று தகராறு வரும் நாளில்தான் அது தெரியும்.

டி.எச்.சி.பி.யும் இதே போலத் தாமதமாகக் கடிக்கும் விஷயம். ராயபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போன ஏ.சி.எல்.லைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். போட்ட அன்று மாலை வரை எல்லாம் ஓடியிருக்கிறது. அடுத்த நாள் காலையில் ஒவ்வொரு கணினியாக விழுந்திருக்கிறது. புதிதாக எழும் கணினிக்கு முகவரி கிடையாது. 0.0.0.0 என்ற மூலத்திலிருந்து 255.255.255.255-க்கு, 68-லிருந்து 67-க்குக் கூவும். விலானின் முகவரி வரம்பை மட்டும் மூலமாக அனுமதித்திருந்த அந்தப் பட்டியலில் இந்தக் கூவலுக்கு இடமில்லை. டி.எச்.சி.பி. கொடுத்த முகவரியின் பழைய குத்தகை தீரும் வரை யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். "பெர்மிட் யு.டி.பி. எனி ஈக்வல் 68 எனி ஈக்வல் 67" என்ற ஒரு வரியை மேலே சேர்த்ததும் சரியாகிவிட்டது.

பட்டியலை இயக்கும் நேரம். இப்படிப்பட்ட வேலைகளை நடுநிசியில் செய் என்று பாடப் புத்தகம் சொல்லும். அது ஐ.டி. அலுவலகங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலைக் கணக்கு. வடசென்னையில் லாரி ஓடுவதே ராத்திரியில்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் நள்ளிரவில் போய்ப் பார்த்தால் டிரெய்லர்களின் வரிசை எங்கே முடிகிறது என்று தெரியாது. யார்டு வாசலும் அப்போதுதான் மூச்சு முட்டும். வாசல் பொறுப்பாளரிடம் கேட்டதற்கு, மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் வண்டி குறையும் என்றார். அந்த நேரத்தில்தான் செய்தோம். எடை மேடை அண்ணனிடம் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, முதல் வண்டிச் சீட்டு அடித்ததும் கூப்பிடச் சொன்னேன்.

தொலைவிலிருந்து ஸ்விட்சுக்குள் நுழைந்து ஏ.சி.எல். போடும்போது தன் காலுக்கடியிலேயே வெட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. சிஸ்கோவில் இதற்கு எளிய காப்பு "ரீலோட் இன் 10". அமைப்பைச் சேமிக்காமல் இதை முதலில் கொடுத்துவிட்டு மாற்றத்தைச் செய்தால், தொடர்பு அறுந்தாலும் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் மறுபடி எழுந்து பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியென்றால் "ரீலோட் கேன்சல்", பிறகு சேமிப்பு. ஜூனிப்பர் ஸ்விட்சுகளில் "கமிட் கன்ஃபர்ம்டு" என்று இன்னும் நாசூக்காக வைத்திருக்கிறார்கள். உறுதி சொல்லாவிட்டால் தானாகப் பின்வாங்கும், மறுதொடக்கம் தேவையில்லை. நான் ஸ்விட்சோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளையும் செருகியே வைத்திருந்தேன். லேயர் 3 ஸ்விட்ச் மறுபடி எழ எடுக்கும் நேரத்தில் வாசலில் வண்டி சேர்ந்துவிடும். அந்தக் காப்பைக் கடைசிக் கையாக மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

இன்டர்ஃபேஸில் ஏற்கெனவே பூட்டிய பட்டியலை அழித்துவிட்டு அதே பெயரில் திரும்ப எழுதுவதைப் போல ஆபத்து வேறில்லை. சிஸ்கோ ஸ்விட்சுகளின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ்.ஸில் பெயர் மட்டும் இருந்து வரிகள் இல்லாத பட்டியல் எல்லாவற்றையும் விட்டுவிடும். முதல் வரியை எழுதிய கணமே கடைசியில் உள்ள மறைமுக டினை உயிர்பெறும். இரண்டாவது வரியை ஒட்டுவதற்குள் உங்கள் தொடர்பே போயிருக்கும். நான் எப்போதும் புதிய பெயரில் முழுப் பட்டியலையும் எழுதி, படித்துப் பார்த்து, பிறகு இன்டர்ஃபேஸில் ஒரே கட்டளையால் பெயரை மாற்றுவேன். பழைய பட்டியல் அப்படியே கிடக்கும். தேவைப்பட்டால் அதே ஒரு கட்டளையில் திரும்பலாம். சின்னத் திருத்தம் என்றால் வரிசை எண்கள் இருக்கவே இருக்கின்றன. 10, 20, 30 என்று இடைவெளி விட்டு வருவதால் 15 என்று நடுவில் ஒன்றைச் செருகிவிடலாம்.

முதல் சில வாரங்களுக்கு எடை மேடைப் பட்டியலின் கடைசியில் "பெர்மிட் ஐ.பி. எனி எனி" ஒன்றை வைத்திருந்தேன். என் நோட்டில் இல்லாத எது அந்த வரியைத் தொடுகிறது என்று பார்க்கத்தான். பலர் அதோடு "லாக்" (பதிவு செய்) என்பதையும் சேர்ப்பார்கள். ஸ்விட்சில் அதை யோசித்துச் செய்ய வேண்டும். பாக்கெட்டுகளை வன்பொருள் வேகத்தில் சலிக்கிறது டீகேம் என்ற நினைவகம். லாக் கேட்டால் பொருந்தும் பாக்கெட்டுகள் பற்றிய தகவல் சி.பி.யூ.வுக்குப் போகும், கூட்டம் அதிகமானால் அது திணறும். எண்ணிக்கையும் ஏமாற்றும். சிஸ்கோவின் 3560, 3750 போன்ற பழைய வகைகளில் "ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்" காட்டும் எண் வன்பொருள் கையாண்ட பாக்கெட்டுகளைச் சேர்ப்பதில்லை. எண் சுழியமாகவே இருக்கிறது, இந்த வரி தேவையில்லை என்று அழித்தவர்கள் உண்டு. நான் மறுபடி மிரர் போர்ட்டையே நம்பினேன். புதிதாக எதுவும் வராததை ஒரு மாத முடிவையும் தாண்டிப் பார்த்த பிறகுதான் அந்த வரியை எடுத்தேன்.

டீகேம் அளவுக்கு எல்லையும் உண்டு. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு வரி என்று எழுதினால் அது வீணாக நிரம்பும். முகவரிகளை அடுத்தடுத்து ஒதுக்கியிருந்தால் ஒரே வரியில் அடக்கலாம். முகவரித் திட்டத்தை ஒழுங்காகப் போட்ட முந்தைய ஆளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

கூடத்தில் உட்காரும் இரண்டு ஏஜென்டுகளின் லேப்டாப்புகள் ஒன்றையொன்று தொடுவதை இந்தப் பட்டியல்கள் எதுவும் தடுக்கா. ஒரே விலானுக்குள் நடக்கும் பேச்சு விலான் இன்டர்ஃபேஸ் வரை வருவதே இல்லை. அதற்கு அந்தக் கூடத்து ஸ்விட்சின் போர்ட்டுகளை "புரொடெக்டட்" என்று குறித்தேன். அப்படிக் குறித்த போர்ட்டுகள் ஒன்றோடொன்று பேசா. ஒரே ஸ்விட்சுக்குள் மட்டும்தான் அது செல்லும், எங்களுக்கு அது போதுமாக இருந்தது. பிரின்டர் வேறு விலானில் இருந்ததால் அதுவும் பிழைத்தது.

கிடங்குப் பகுதியில் வேறு நிறுவனத்தின் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. அங்கே இதே பட்டியலை அப்படியே பெயர்த்து எழுதினால் போதாது. ஹுவாவே, எச்3சி வகைகளில் இன்டர்ஃபேஸில் வடிகட்டியாகப் போடும் ஏ.சி.எல்.லில் எதுவும் பொருந்தாத பாக்கெட்டை ஸ்விட்ச் இயல்பாக விட்டுவிடும். மறைமுக டினையை நம்பிப் பழகியவர் அனுமதிகளை மட்டும் எழுதிவிட்டுப் போனால் அங்கே எதுவும் தடுக்கப்படாது, எதுவும் தடைபடாததால் யாரும் புகார் செய்யவும் மாட்டார்கள். நான் எந்த ஸ்விட்சாக இருந்தாலும் கடைசி டினையை வெளிப்படையாகவே எழுதுகிறேன். புதிய முகவரி முறையான ஐ.பி.வி.6-க்கும் அப்படித்தான் தனிப் பட்டியல், ஐ.பி.வி.4-க்கு எழுதியது அதைக் கட்டுப்படுத்தாது. யார்டில் அது தேவைப்படவில்லை, ஆகவே விலான் இன்டர்ஃபேஸ்களில் அது இயங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டதோடு நிறுத்திவிட்டேன்.

ஸ்விட்சுக்குள் யார் நுழையலாம் என்பதற்கு தொலைவிலிருந்து நுழையும் வழியான வி.டி.ஒய். வரிகளில் "ஆக்சஸ்-கிளாஸ்" போட்டு என் பராமரிப்புக் கணினிக்கும் சர்வர் அறைக்கும் மட்டும் விட்டேன். மறைகுறியாக்கம் இல்லாத டெல்நெட்டை நிறுத்தியாயிற்று.

பிறகு வந்தவை கோரிக்கைகள். வாசல் கணினியில் யூடியூப் வரவில்லை என்பது முதல் கோரிக்கை, சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டேன். எடை மென்பொருளைப் பராமரிக்கும் கோவைக்காரர் கேட்டது நியாயமானது. அவர் வி.பி.என். வழியாக சர்வர் விலானிலுள்ள ஒரு கணினிக்கு வந்து, அங்கிருந்து எடைக் கணினியின் 3389-க்கு, அதாவது அதன் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் போர்ட்டுக்கு, போக வேண்டும். எப்போதும் திறந்து வைக்க மனமில்லை. "டைம்-ரேஞ்ச்" என்று ஒன்று எழுதி, அவர் வழக்கமாக வேலை பார்க்கும் செவ்வாய்க்கிழமை முற்பகலுக்கு மட்டும் அந்த வரி உயிரோடிருக்கும்படி செய்தேன். அதற்கு ஸ்விட்சின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். அந்த ஸ்விட்சில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் 1993 மார்ச் 1 என்று காட்டும். நேரச் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். ஒரு மழைநாளில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, யு.பி.எஸ்.ஸும் தீர்ந்து, மின்சாரம் திரும்பியபோது ஸ்விட்ச் முதலில் எழுந்துவிட்டது, நேரம் சொல்ல வேண்டிய சர்வர் சாவகாசமாக எழுந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. கோவையிலிருந்து போன் வந்தது, இணைப்பு கிடைக்கவில்லை என்று. ஸ்விட்சில் நேரத்தைப் பார்த்தேன். 1993 இன்னும் நடந்துகொண்டிருந்தது. சர்வர் எழுந்து நேரம் கிடைத்ததும் வரி உயிர்பெற்றது. அதன் பிறகு ஸ்விட்சுக்கு இரண்டாவது நேர மூலமாக இணைய ரவுட்டரையும் சேர்த்து வைத்திருக்கிறேன். ரவுட்டர் சர்வரைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுகிறது.